கொள்ளைக்காரர்கள் யார்?

வெள்ளத்தில் முழுகிய ஒரு பட்டணத்தை மறுபடியும் நிமிர்த்த வேண்டுமென்றால் முதன்முதலில் எதைக் கட்டவேண்டும்? நம் கிராமத்துக் குடியானவன் ஒருவனைக் கேட்டால் கஞ்சி காய்ச்ச ஒரு கொட்டகை என்பான். குழந்தை குட்டிக்காரி ஒருத்தியைக் கேட்டால் மழைக்கு ஒதுங்க ஒரு கூரை என்பாள். அமெரிக்கா தேசத்து நியூ ஆர்லியன்ஸ் பட்டணத்தில் 2005-ம் வருஷம் செப்டம்பர் முதல் வாரத்தில், தெருக்களில் இன்னும் பிணங்கள் மிதந்து கொண்டிருக்கும்போதே, சர்க்கார் எழுப்பிய முதல் கட்டிடம் என்று சொல்லத்தக்கது ஒரு ஜெயில். அதுவும் எங்கே தெரியுமா? பஸ் ஸ்டேஷனில்! ஊரைவிட்டு வெளியேற ஒரு பஸ் வராதா என்று ஆயிரக்கணக்கான ஜனங்கள் சூப்பர்டோம் என்கின்ற விளையாட்டு மண்டபத்திலும், மாநாட்டு மண்டப வாசலிலும், பாலங்களின் மேலும் தண்ணீரில்லாமல் துடித்துக் கிடந்த அந்த நாட்களில், பஸ் நிற்கவேண்டிய இடத்தில் கம்பிவலைக் கூண்டுகளை அடித்து, மேலே முள்கம்பியும் சுற்றி வைத்தார்கள். அந்த வேலையைச் செய்தவர்கள் அங்கோலா என்னும் மாகாணச் சிறையிலிருந்து கொண்டுவரப்பட்ட கைதிகள். அங்கோலாச் சிறை இருக்கிற நிலம் முன்னாளில் அடிமைகளை வைத்துப் பயிர் செய்த தோட்டமாகும். அடிமைகளைப் பிடித்துவந்த ஆப்பிரிக்க நாட்டின் பெயரே அந்தத் தோட்டத்துக்கும், பிறகு சிறைக்கும் வந்தது.

கூண்டு அடித்தது யாருக்காக? கொள்ளைக்காரர்களுக்காக என்றார்கள். அந்தக் கொள்ளைக்காரர்கள் யார் என்பதைத்தான் நாம் சற்று விசாரிக்க வேண்டியிருக்கின்றது.

முதலில் அந்த ஊர் எப்படி முழுகிற்று என்று பார்ப்போம். 2005-ம் வருஷம் ஆகஸ்டு 29-ந் தேதி கத்ரீனா என்னும் புயல் அடித்தது. புயல் இயற்கைதான், அதை யாரும் மறுக்கவில்லை. ஆனால் ஊரில் 100-க்கு 80 பங்கு தண்ணீருக்குள் போனது புயலால் மாத்திரமல்ல, கரை உடைந்ததால். நியூ ஆர்லியன்ஸ், ஒரு பக்கம் மிசிசிப்பி ஆறும் மறுபக்கம் பான்சர்ட்ரெயின் ஏரியுமாக, நடுவே கிண்ணம் போல் தாழ்ந்து கிடக்கும் ஊர். ஏரிக்குக் கீழே குடியிருப்பவனுக்குக் கரைதான் உயிர் என்பதை நம் நாட்டில் யாருக்கும் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை. அந்தக் கரைகளையும் கால்வாய்ச் சுவர்களையும் திட்டம் போட்டுக் கட்டியது அமெரிக்க ராணுவத்தின் எஞ்சினீயர் இலாகா. 17-வது தெருக் கால்வாயிலும் லண்டன் அவென்யூ கால்வாயிலும் தண்ணீர் சுவரின் தலைக்கு மேல் வழியவேயில்லை. இவ்வளவு உயரத்துத் தண்ணீரைத் தாங்கும் என்று எந்த அளவைக் கணக்குப் போட்டுக் கட்டினார்களோ அந்த அளவு வருவதற்கு முன்பே சுவர் சாய்ந்துவிட்டது. அடி மண் இளகின மண். அதில் இறக்கிய இரும்புத் தகடுகளுக்குப் போதிய ஆழமில்லை. இதை நாம் சொல்லவில்லை. அந்த இலாகாவே 2006 ஜூன் மாதத்தில் தன் அறிக்கையில் ஒப்புக்கொண்டு விட்டது.

ஒப்புக்கொண்டதற்கு என்ன தண்டனை? நஷ்டப்பட்டவர்கள் கோர்ட்டுக்குப் போனார்கள். வெள்ளத் தடுப்பு வேலைகளில் ஏற்படும் வெள்ள நஷ்டத்துக்குச் சர்க்கார் ஜவாப்தாரியல்ல என்று 1928-ம் வருஷத்திலேயே ஒரு சட்டம் செய்து வைத்திருக்கிறார்கள். கரையைக் கட்டினவனே கரைக்குப் பொறுப்பாளி அல்லவாம்! ஜட்ஜ் அந்த இலாகாவைக் கடுமையாகக் கண்டித்துவிட்டு, சட்டம் கையைக் கட்டிவிட்டதென்று 2008-ல் கால்வாய் வழக்கைத் தள்ளிவிட்டார். ஆயிரத்துக்கு மேற்பட்ட உயிர்கள் போன காரியத்திற்கு, அவற்றில் ஓட முடியாத கிழவர் கிழவிகளே அதிகமாயிருக்க, ஒரு எஞ்சினீயராவது ஒருநாள் ஜெயிலில் இருந்ததாக நாம் கேள்விப்படவில்லை.

இந்த இடத்தில்தான் வழக்கம்போல் கடவுளைக் கொண்டுவந்து திரையாகத் தொங்கவிட்டார்கள். ஊரின் பாபத்துக்குக் கடவுள் கொடுத்த தண்டனை என்று ஜான் ஹேகி என்ற பெரிய பாதிரியார் 2006-ல் பேசினார். அந்த ஊர் மேயரான ரே நேகின் என்பவரோ, கடவுளுக்கு அமெரிக்காவின் மேல் கோபம், அதனால்தான் புயல்மேல் புயலாக அனுப்புகிறார் என்று அதே வருஷம் ஜனவரியில் பிரசங்கம் செய்துவிட்டுப் பிறகு வருத்தம் தெரிவித்துக் கொண்டார். சரி, அப்படியே வைத்துக்கொள்வோம். குடிக்கும் கூத்துக்கும் உலகமெல்லாம் பேர்போன பர்பன் தெரு அந்த ஊரில்தான் இருக்கிறது. 1718-ல் பிரெஞ்சுக்காரர்கள் மேடு பார்த்துக் கட்டிய பழைய ஊரில் இருப்பதால் அந்தத் தெருவை வெள்ளம் எட்டவில்லை. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் கோயிலுக்குப் போய் மண்டியிடும் ஏழைக் கறுப்பு மக்கள் நிறைந்த கீழ் ஒன்பதாவது வார்டோ, கோயிலும் வீடுமாக அடித்துக்கொண்டு போயிற்று. பாபியை விட்டுப் பக்தனை முழுகடிக்கும் இந்தத் தண்டனை எந்தச் சாஸ்திரத்தின்படி? கடவுளுக்குப் பாபம் தெரியவில்லை, மேடு பள்ளம் மட்டும் தெரிகிறது போலிருக்கிறது! 1934-ல் பீகார் பூகம்பம் தீண்டாமைப் பாபத்தின் தண்டனை என்று காந்தியார் நம் திருநெல்வேலியிலேயே பேசியதும், கவி தாகூர் அதை மறுத்து எழுதியதும் நம்மவர்களுக்கு நினைவிருக்கலாம். பூகம்பம் தீண்டாதாரின் குடிசையையும் சேர்த்துத்தானே இடித்தது?

நிற்க. புயல் அடித்த மூன்றாம் நாள், அதாவது ஆகஸ்டு 31-ந் தேதி, கூரைமேல் ஏறி நின்றுகொண்டு ஜனங்கள் துணியை ஆட்டிக் கூப்பிட்டுக் கொண்டிருக்கையில், மேயர் ஓர் உத்தரவு போட்டார். உயிர் காக்கும் வேலையிலிருந்த சுமார் 1,500 போலீஸார் அதை விட்டுவிட்டுக் கொள்ளைக்காரர்களைப் பிடிக்கப் போகவேண்டும் என்பதே அது. ரொட்டிக் கடையையும் துணிக் கடையையும் காப்பாற்ற, கூரைமேலிருந்தவனைக் கைவிட்டார்கள். அதே நாட்களில் பத்திரிகைகளில் இரண்டு படங்கள் வெளிவந்தன. இரண்டிலும் மார்பளவு தண்ணீரில் ஆட்கள் கடைச் சாமானைத் தூக்கிக்கொண்டு போகிறார்கள். ஒன்றில் கறுப்புப் பையன். அவன் "கொள்ளையடித்துவிட்டுப்" போகிறானாம். மற்றதில் வெள்ளைக்காரர் இருவர். அவர்கள் ரொட்டியைக் "கண்டெடுத்தார்களாம்". படங்களை அனுப்பியவை இரண்டு வேறு வேறு கம்பெனிகள் என்று பிறகு சமாதானம் சொன்னார்கள். இருக்கலாம். ஆனால் வார்த்தை மாறி விழவில்லையே, ஏன்?

விளையாட்டு மண்டபத்துக்குள் கொலைகள் மலிந்துவிட்டன, குழந்தைகளைக்கூடக் கெடுத்தார்கள், பிணங்கள் கிடக்கின்றன என்று மேயரும் போலீஸ் தலைவரும் சொல்லத் தேசமெல்லாம் நம்பிற்று. கடைசியில் போய்ப் பார்த்தபோது சூப்பர்டோமில் இருந்த பிணங்கள் ஆறு. அவற்றில் நான்கு நோயினால் செத்தவை. ஒன்று மயக்க மருந்து மிஞ்சியது. ஒன்று தற்கொலை என்று கருதப்பட்டது. கொலை ஒன்றுகூட இல்லை. ஆனால் வதந்தி தன் வேலையை முடித்துவிட்டது. வெள்ளத்துக்குத் தப்பி நடந்தே ஆற்றுப் பாலத்தைத் தாண்டிப் போக வந்த ஜனங்களைப் பக்கத்து ஊரான கிரெட்னாவின் போலீஸார் துப்பாக்கியை நீட்டி, தலைக்கு மேலே சுட்டு, திருப்பி அனுப்பினார்கள். ஆல்ஜியர்ஸ் பாயிண்ட் என்னும் பேட்டையில் வெள்ளைக்காரர் சிலர் தாங்களாகவே துப்பாக்கி எடுத்துக் காவல் நின்று கறுப்பர்களைச் சுட்டார்கள். அவர்களில் ஒருவருக்குத் தண்டனை கிடைத்தது 2019-ல். பதினான்கு வருஷம் கழித்து!

செப்டம்பர் 4-ந் தேதி டான்சிகர் பாலத்தில் நடந்ததைச் சொல்லவே கை கூசுகின்றது. ஆயுதமில்லாமல் நடந்து போய்க் கொண்டிருந்தவர்களைப் போலீஸார் சுட்டார்கள். 17 வயதுப் பையன் ஒருவனும், புத்தி வளர்ச்சியில்லாத 40 வயது மனிதர் ஒருவரும் செத்தார்கள். அந்த மனிதர் முதுகில் சுடப்பட்டார். நான்கு பேர் காயப்பட்டார்கள். பிறகு போலீஸார் பொய் ரிப்போர்ட் எழுதினார்கள். இல்லாத சாட்சிகளைச் சிருஷ்டித்தார்கள். எங்கிருந்தோ ஒரு துப்பாக்கியைக் கொண்டுவந்து தடயம் என்று வைத்தார்கள். 2012-ல் சிலருக்கு 65 வருஷம் வரை தண்டனை விதிக்கப்பட்டது. சர்க்கார் வக்கீல்கள் சிலர் பெயரை மறைத்துக்கொண்டு வழக்கைப் பற்றி வெளியில் எழுதினார்கள் என்ற காரணத்தால் 2013-ல் அத்தனையும் ரத்தாயிற்று. 2016-ல் குற்றத்தை ஒப்புக்கொண்டார்கள். கிடைத்தது 3 முதல் 12 வருஷம். ஊர்க் காவலனே இப்படிச் செய்துவிட்டு ரொட்டி எடுத்தவனைக் கூண்டில் அடைப்பானானால், குற்றத்தை ஒழிக்கிறோம் என்று சொல்ல அவனுக்கு என்ன யோக்கியதை இருக்கின்றது?

"அப்படியானால் திருட்டே நடக்கவில்லை என்கிறீரா?" என்று சில கனவான்கள் கேட்பார்கள். நடந்தது. பசிக்கு எடுத்தவர்களும் உண்டு. பசிக்குச் சம்பந்தமில்லாத சாமான்களைத் தூக்கியவர்களும் உண்டு. அவர்களை நாம் யோக்கியர்கள் என்று சொல்ல வரவில்லை. ஆனால் பிடிபட்டவனுக்கு நடந்த நியாயத்தைக் கேளுங்கள். வெள்ளத்துக்கு முன்பே ஜெயிலிலிருந்த ஆயிரக்கணக்கான கைதிகளை ஊர் காலியானபோது வெளியேற்றவில்லை. அவர்களில் எத்தனையோ பேர் விசாரணைகூட ஆகாதவர்கள். பூட்டிய அறைக்குள் மார்பளவு தண்ணீரில் நின்றார்கள். பிறகு பல சிறைகளுக்குச் சிதறடிக்கப்பட்டு, வக்கீலைக் காணாமலே மாதக்கணக்கில் கிடந்தார்கள். வக்கீல் ஏன் இல்லை? அந்த மாகாணத்தில் ஏழைகளுக்கு வாதாடும் சர்க்கார் வக்கீல்களுக்குச் சம்பளம் பெரும்பாலும் மோட்டார் வண்டிக்காரர்களிடம் வசூலிக்கும் அபராதத்திலிருந்து வந்தது. வெள்ளத்தில் வண்டி ஏது? வண்டி இல்லாததால் அபராதமில்லை. அபராதமில்லாததால் வக்கீல்களில் பெரும்பாலோர் வீட்டுக்கு அனுப்பப்பட்டார்கள். ஏழையின் நீதியை வீதியில் விழும் அபராதக் காசுக்கு முடிந்து வைத்த புத்திசாலித்தனத்தை என்னவென்று சொல்வது!

இனி, மறுபடி கட்டின கதைக்கு வருவோம். சர்க்கார் ஏழைகளுக்காகக் கட்டி வாடகைக்கு விட்டிருந்த நான்கு பெரிய செங்கல் குடியிருப்புகளில் சுமார் 4,500 வீடுகள் இருந்தன. பெரும்பாலானவை பழுது பார்த்தால் குடியிருக்கத்தக்கவை. அவற்றுக்குப் பூட்டுப் போட்டார்கள். அந்த மாகாணத்துப் பார்லிமெண்டு மெம்பர் ரிச்சர்டு பேக்கர் என்பவர், அந்தக் குடியிருப்புகளைத் தங்களால் சுத்தம் செய்ய முடியாமலிருந்ததைக் கடவுள் செய்து கொடுத்துவிட்டார் என்று பேசியதாகப் பத்திரிகையில் வந்தது. தான் அப்படிச் சொல்லவில்லை என்று பின்னால் கொஞ்சம் மழுப்பினார். 2007 டிசம்பர் 20-ந் தேதி நகரசபை ஒரு வோட்டுக்கூட எதிராக இல்லாமல் இடிக்கத் தீர்மானம் செய்தது. நியாயம் கேட்க வந்து வாசலில் நின்ற குடித்தனக்காரர்களின் கண்ணில் மிளகாய்ப் புகை அடித்தார்கள். கடவுள் ஆரம்பித்த காரியத்தைப் போலீஸ் முடித்து வைத்தது!

சொந்த வீட்டுக்காரனுக்கோ உதவிப்பணம் என்று ஒரு திட்டம். வீட்டைப் பழுது பார்க்க ஆகும் செலவு, அல்லது புயலுக்கு முன் அந்த வீட்டுக்கு இருந்த கிரயம், இவ்விரண்டில் எது குறைவோ அதை வைத்துக் கணக்கு. கேட்பதற்கு நியாயம் போலத் தோன்றும். ஒரே அளவு வீடு, ஒரே அளவு நாசம், ஒரே கொத்தனார் கூலி. ஆனால் கறுப்பர் குடியிருக்கும் தெரு என்பதற்காகவே அங்கே கிரயம் பாதி. ஆகவே வெள்ளைத் தெருக்காரன் கூரை வரை கட்டினான். கறுப்புத் தெருக்காரன் சுவரோடு நின்றான். கோர்ட்டுக்கு இழுத்த பிறகுதான் 2011-ல் ராஜிக்கு வந்து 6 கோடியே 20 லக்ஷம் டாலர் கூடுதலாகக் கொடுக்கச் சம்மதித்தார்கள். இதற்குள் பள்ளிக்கூடச் சிப்பந்திகள் 7,000-க்கு மேற்பட்டவர்களை வேலையிலிருந்து நீக்கியாயிற்று. ஏழைகளுக்கென்றே இருந்த சாரிட்டி ஆஸ்பத்திரியை, பைத்தியம் பிடித்தவனைக் கொண்டுபோய்ச் சேர்க்க இருந்த இடத்தோடு சேர்த்து மூடியாயிற்று.

வீட்டை இடித்து, வாத்தியாரை விரட்டி, ஆஸ்பத்திரியைப் பூட்டிவிட்டு, "ஐயோ, ஊரில் குற்றம் பெருகிவிட்டதே!" என்று கூச்சலிட்டார்கள். பெருகியது உண்மை. 2006 ஜூனில் ஒரே இரவில் ஐந்து இளைஞர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். உடனே துருப்புக்கள் வந்திறங்கி 2009 வரை தெருக்களில் சுற்றின. துருப்பு இருக்கும்போதே 2007-ல் 209 கொலைகள் நடந்தன. ஊருக்குத் திரும்பியிருந்த ஜனங்களோ பழைய தொகையில் மூன்றில் இரண்டு பங்குகூட இல்லை. செத்தவர்களில் அநேகர் ஏழைக் கறுப்புப் பையன்கள். இதை மூடி மறைப்பது அவர்களுக்கே துரோகம். கொலை செய்தவனைப் பிடித்தாலும் 60 நாளுக்குள் வழக்குத் தொடராவிட்டால் விட்டுவிட வேண்டுமென்பது அப்போது அங்கே சட்டமாயிருந்தது. சாட்சி சொல்ல ஆளில்லை. போலீஸின் தடய சோதனைச் சாலை வெள்ளத்தோடு போய்விட்டது. ஆகவே அந்த ஊரில் ஒரு கொலைக்கு 60 நாள் ஜெயில் என்று ஜனங்கள் கசந்து பேசிக்கொண்டார்கள்.

சாட்சி ஏன் வரவில்லை? 2007 ஜனவரி 2-ந் தேதி, டான்சிகர் பாலத்துக் குற்றம் சாட்டப்பட்ட ஏழு போலீஸார் ஜெயிலுக்குச் சரணடையப் போனார்கள். சக போலீஸாரும் அவர்கள் பந்துக்களும் அணிவகுத்து நின்று, வீரர்கள் என்று கோஷம் போட்டுக் கைகொடுத்து வழியனுப்பினார்கள். அதற்கு ஒன்பது நாள் கழித்து, ஜனவரி 11-ல், கொலைகள் பொறுக்காமல் கறுப்பரும் வெள்ளையருமாக ஆயிரக்கணக்கானவர்கள் நகர மண்டபத்துக்கு ஊர்வலமாகச் சென்று மேயரை நிறுத்திவைத்துக் கேள்வி கேட்டார்கள். அந்த ஊர்வலத்தில் போன ஒரு தாய், தன் மகனைச் சுட்டவன் யாரென்று தெரிந்திருந்தால், அந்தக் கோஷம் போட்ட போலீஸிடமா போய்ச் சொல்லுவாள்?

மேயர் கதையையும் சொல்லிவிடுவோம். கொள்ளைக்காரர்களைப் பிடிக்க உத்தரவு போட்ட அதே ரே நேகின், ஊரை மறுபடி கட்ட வந்த கண்டிராக்டர்கள் உள்படப் பலரிடம் லஞ்சம் வாங்கியதாக 2014-ல் குற்றவாளியென்று தீர்ப்பாகி, 10 வருஷத் தண்டனை பெற்றார். வெள்ளத்தில் ரொட்டி தூக்கியவனுக்கு அன்றே முள்கம்பிக் கூண்டு. வெள்ளத்தையே வியாபாரமாக்கியவருக்கு ஒன்பது வருஷம் கழித்து.

2015-ம் வருஷம் செப்டம்பரில், வெள்ளம் வந்து பத்து வருஷம் ஆனபோது, நியூ ஆர்லியன்ஸில் பெரும் செலவில் கட்டிய புதிய ஜெயில் திறக்கப்பட்டது. அதே வருஷத்தில் புதிய ஆஸ்பத்திரி ஒன்றும் திறந்தார்கள். பழைய சாரிட்டி ஆஸ்பத்திரி மூடியபடியே நின்றது. கீழ் ஒன்பதாவது வார்டில் வீடிருந்த இடங்களில் வாசற்படிகள் மட்டும் புல்லுக்குள் நின்றுகொண்டிருந்தன.