மீண்டெழுதல் என்ற சொல் மறைக்கும் எழுவாய்

2022 பிப்ரவரிக்குப் பின் உலகின் பல நகரங்களில் உக்ரைனியப் பியானோ இசை மேடையேறத் தொடங்கியது. வரவேற்கத்தக்க மாற்றம், மிகவும் காலம் தாழ்ந்து வந்த மாற்றமும்கூட. ஆனால் அந்நிகழ்வுகளின் அழைப்பிதழ்களிலும் அறிமுகக் குறிப்புகளிலும் ஒரே சொல் ஓயாமல் திரும்பி வருகிறது: மீண்டெழுதல். இசையமைப்பாளர் பத்தொன்பதாம் நூற்றாண்டினராயினும் சமகாலத்தவராயினும், படைப்பு நடனமாயினும் நினைவேக்கமாயினும், அனைத்தும் இந்த ஒரு குடைக்கீழ் நிறுத்தப்படுகின்றன. கேட்பதற்கு இது புகழ்ச்சி. செய்வதோ இரண்டு நீக்கங்கள். குற்றம் இழைத்தவரை வாக்கியத்திலிருந்து நீக்குகிறது; இசையமைப்பாளரின் தேர்ச்சியை இசையிலிருந்து நீக்குகிறது.

சொல்லின் வரலாற்றிலிருந்தே தொடங்கலாம். ஆங்கிலம் வழியாக உலகெங்கும் பரவிய இக்கருத்தாக்கத்தின் வேர், பின்னோக்கித் துள்ளுதலைக் குறிக்கும் இலத்தீன் வினை. உளவியலுக்கு வரும் முன்பே அது பொருள்களின் இயல்பைப் பேசும் துறையில் புழங்கியது. தமிழ்ப் பாடநூல்களில் மீட்சிப் பண்பு என்று மாணவர் படிப்பதும் ஏறத்தாழ இதையே: விசை நீங்கியபின் பொருள் தன் பழைய வடிவத்துக்குத் திரும்புதல். இந்த வரையறைக்குள் ஒரு முன்நிபந்தனை இருக்கிறது. விசை நீங்கியிருக்க வேண்டும். உக்ரைனில் விசை நீங்கவில்லை. நீங்காத விசையின்கீழ் இருப்பவரின் மீட்சியைப் பாராட்டுவது, விசையைப் பற்றிப் பேசாதிருப்பதற்கு வசதியான வழி.

உக்ரைனியர்களே இத்தகைய சொல்லைப் பயன்படுத்துகிறார்களே என்ற மறுப்பு எழலாம். அவர்கள் ஆளும் சொல் வேறு. 'நெஸ்லாம்னிஸ்த்' என்பதற்கு முறிக்கவொண்ணாமை என்று பொருள். 2022 இறுதியில் ருஷ்ய ஏவுகணைகள் மின்கட்டமைப்பைத் தாக்கியபோது, மக்கள் குளிர்காயவும் கைப்பேசிக்கு மின்னேற்றவும் அந்நாட்டு அரசு திறந்த மையங்களுக்கு இச்சொல்லே பெயராயிற்று. முறித்தல் என்னும் வினை அதன் உள்ளேயே நிற்கிறது. ஆகவே முறிக்க முனைபவரும் அங்கேயே நிற்கிறார். மீண்டெழுதலிலோ எழுபவர் மட்டுமே உண்டு. வீழ்த்தியவர் இல்லை.

தமிழ் இலக்கணம் அறிந்தோர்க்கு இது புதிதன்று. செயப்பாட்டு வினையில் 'ஆல்' உருபேற்ற சொல்லை விட்டுவிட்டாலும் வாக்கியம் பிழையாவதில்லை. "கையெழுத்துப் படிகள் எரிக்கப்பட்டன" என்பது இலக்கணப்படி முழுமையான வாக்கியம். வரலாற்றுப்படி அரைகுறை. வசில் பர்வின்ஸ்கியின் வாழ்க்கையை இத்தகைய வாக்கியங்களால் எழுதிவிட முடியும். பிராகாவில் பயின்றவர், பியானோ கலைஞர், லிவிவ் இசைக் கல்லூரியின் தலைவர். 1948இல் சோவியத் அரசு அவரைக் கைது செய்து மொர்தோவிய முகாமுக்கு அனுப்பியது. பத்தாண்டுகள் அங்கே கழிந்தன. அவருடைய படைப்புகளின் கையெழுத்துப் படிகள் லிவிவ் இசைக் கல்லூரி முற்றத்தில் தீக்கிரையாயின. விடுதலைக்குப் பின் நினைவிலிருந்து அவற்றை மீட்டெழுத முயன்றபடியே 1963இல் அவர் மறைந்தார். இதை மீண்டெழுதலின் கதையாகச் சொல்லும் நிகழ்ச்சிக் குறிப்பு, ஒரு கொள்ளையின் முதலறிக்கையைத் தன்னம்பிக்கைக் கட்டுரையாகத் திருத்தி எழுதுகிறது.

இன்னும் பின்னோக்கிச் சென்றாலும் எழுவாய் தெளிவாகவே கிடைக்கிறது. 1863இல் ருஷ்யப் பேரரசின் உள்துறை அமைச்சர் வலூயெவின் சுற்றறிக்கை, உக்ரைனியம் என்றொரு தனிமொழி இல்லை என்ற கருத்தை முன்வைத்து அம்மொழியின் கல்வி, சமய நூல்களைத் தடுத்தது. 1876இல் இரண்டாம் அலெக்சாந்தர் எம்ஸ் நகரில் ஒப்பமிட்ட ஆணை மேலும் சென்றது: உக்ரைனிய நூல்களின் இறக்குமதியும் நாடக மேடையேற்றமும் மட்டுமன்றி, இசைக்குறிப்புகளோடு பாடல்வரிகளை அச்சிடுவதும் தடைக்குள்ளாயிற்று. இல்லாத மொழிக்கு எதற்குத் தடை என்ற எளிய கேள்விக்குப் பேரரசு விடை சொல்லவில்லை.

மிகோலா லிசென்கோ (1842–1912) இந்தத் தடைக்காலத்தில் இயங்கியவர். லைப்சிக்கில் பயின்ற அவர், பழைய ஐரோப்பிய நடன வடிவங்களுக்குள் உக்ரைனிய நாட்டார் பாடல்களை அமைத்து ஒரு பியானோத் தொகுதி படைத்தார்; பார்வையற்ற கோப்சார் பாடகர் ஒஸ்தாப் வெரெசாயின் பாடல்முறையை ஆய்ந்து எழுதினார். அவருடைய இரண்டாம் ராப்சடி 'தும்கா–ஷும்கா' என்று பெயர் பெற்றது. தும்கா நிதானமான, சிந்தனை தோய்ந்த பகுதி. ஷும்கா விரைவான நடனம். இன்றைய அறிமுகக் குறிப்பின் வாய்பாட்டுக்குள் இது எளிதாக அடங்கிவிடும்: முதலில் துயரம், பிறகு எழுச்சி. ஆனால் மெதுவும் விரைவுமான இவ்விணைப்பு ஒரு வடிவ மரபு. லிஸ்ட்டின் ஹங்கேரிய ராப்சடிகள் பலவற்றிலும் இதே அமைப்பு உண்டு. துவோர்ஷாக்கின் தும்காக்களிலும் மெதுநடையும் விரைநடையும் மாறிமாறி வருகின்றன. அவற்றை எவரும் பேரிடர் மேலாண்மையின் சான்றாகக் கேட்பதில்லை. வடிவமாகக் கேட்கிறார்கள். உக்ரைனியருக்கு மட்டும் வடிவம் மறுக்கப்பட்டு, வாழ்க்கைக் குறிப்பு மட்டும் வழங்கப்படுகிறது.

விக்தோர் கொசென்கோ 1920களின் இறுதியில் பழைய நடன வடிவங்களில் பதினொரு பயிற்சிப் படைப்புகளை இயற்றினார். அவற்றின் கவோட் ஒரு கவோட். பஸகாலியா ஒரு பஸகாலியா. வாலென்டின் சில்வெஸ்த்ரோவின் 1977ஆம் ஆண்டுப் பியானோத் தொகுதி 'கிட்ச் இசை' மிக மென்மையாக, கேட்பவரின் நினைவைத் தொடுவதுபோல் வாசிக்கப்பட வேண்டியது. அதன் இடைவெளிகளில் குண்டுச்சத்தத்தைத் தேடும் செவி, ஐரோப்பிய இசையின் சென்ற நூற்றாண்டுகளோடு அவர் நடத்தும் உரையாடலைத் தவறவிடுகிறது. 2022இல் தம் 84ஆம் வயதில் அவர் கீவிலிருந்து பெர்லினுக்குப் புலம்பெயர நேர்ந்தது மறைக்கக் கூடாத உண்மை. அந்த உண்மை 1977இன் இசைக்கு உரையாகிவிடாது.

எதிர்முனையில் நிற்போரின் வாதமும் நேர்மையானதன்று. கலைக்கு அரசியல் வேண்டாம் என்கிறார்கள் அவர்கள். அதே 2022இல் ஆக்கிரமிக்கப்பட்ட கெர்சோனில் அக்டோபர் முதல் நாள் ஒரு கச்சேரி நடத்த ஆக்கிரமிப்பு நிர்வாகம் விரும்பியது; நகரில் இயல்புநிலை திரும்பிவிட்டதாகக் காட்ட இசை தேவைப்பட்டது. இசைக்குழு நடத்துநர் யூரி கெர்பாத்தென்கோ அதில் பங்கேற்க மறுத்தார். அவர் தம் வீட்டில் ருஷ்யப் படையினரால் சுட்டுக் கொல்லப்பட்டதாக உக்ரைன் பண்பாட்டு அமைச்சகம் அறிவித்தது. அரசியலற்ற இசை எதற்குப் பயன்படும் என்பதை ஆக்கிரமிப்பாளர் நன்கறிந்திருந்தனர். கெர்பாத்தென்கோ மீண்டெழவில்லை. மறுத்தார், கொல்லப்பட்டார். இந்த இரு வினைகளுக்கும் மீண்டெழுதல் என்ற சொல்லில் இடமில்லை.

இந்தியக் கல்விப்புலத்துக்கு இதில் தனிப்பொறுப்பு உண்டு. மாஸ்கோவின் முன்னேற்றப் பதிப்பகம் மலிவு விலையில் தந்த தமிழ் நூல்கள் தலைமுறைகளை வாசிக்க வைத்தன, அக்கொடை மறுப்பதற்குரியதன்று. ஆயினும் அவ்வாசிப்பில் சோவியத்தும் ருஷ்யமும் ஒன்றெனப் பதிந்தன. பொல்தாவாப் பகுதியில் பிறந்த கோகோல் எங்கிருந்து வந்தார் என்ற கேள்வி பெரும்பாலும் எழவேயில்லை. மொழிக்கும் கிளைமொழிக்கும் இடையிலான கோட்டை இழுப்பது பெரும்பாலும் அதிகாரமே என்று முதலாண்டு வகுப்பிலேயே கற்பிக்கும் துறைகள், உக்ரைனியத்தை ருஷ்யத்தின் சாயலாகக் கருதும் பழக்கத்தைத் தமக்குள் தேடிப்பார்க்க வேண்டும்.

வேண்டுவது இரங்கல் அன்று, இடம். லிசென்கோவை ஷூமானுக்கு அருகிலும் கொசென்கோவைப் பாக்குக்கு அருகிலும், போர் ஆண்டுநிறைவல்லாத ஒரு சாதாரண மாலையில் வாசிக்கலாம். நிகழ்ச்சிக் குறிப்பில் படைப்பின் வடிவம் முதலில் வரட்டும். வரலாறு வரும்போது செய்வினையில் வரட்டும்: தடை விதித்தது பேரரசு, சிறையிட்டது சோவியத் அரசு, ஏவுகணை வீசுவது ருஷ்யப் படை. அதன்பின் கைதட்டலாம். பியானோ வாசித்தவருக்காகவும் இயற்றியவருக்காகவும் எழும் கைதட்டல் அது. தாங்கிக்கொள்ளும் திறனுக்கு வழங்கும் பரிசன்று.