கைதட்டினது போதும், கைப்பிடி வைங்க!

பள்ளிக்கூடத்துல படிக்கும்போது ஒரு விளையாட்டு விழா. எங்க தெருப் பையன் ஒருத்தனை மேடைக்குக் கூப்பிட்டு, 'தன்னம்பிக்கைப் பரிசு'ன்னு ஒரு பிளாஸ்டிக் டிபன் டப்பா குடுத்தாங்க. பிறவியிலேயே அவனுக்கு ஒரு கால் சூம்பிப் போயிருக்கும். எல்லாரும் எழுந்து நின்னு கைதட்டினோம், நானும்தான். கீழ இறங்கி வந்தவன் என் காதுல கேட்டான்: "மக்கா, நான் எந்தப் போட்டியிலயும் கலந்துக்கலியே. எதுக்குலே பரிசு?"

பதில் சொல்ல முடியல. ஏன்னா, எங்க ஊர்க் குளத்துல அக்கரைக்கு முதல்ல போய்ச் சேருறவன் அவன்தான். நாங்க பாதியில மூச்சு வாங்கிட்டுக் கிடப்போம். ஆனா பள்ளிக்கூடத்துல நீச்சல்னு ஒரு போட்டியே கிடையாது. இருந்த போட்டிகள்ல அவனைச் சேர்க்கல.

சரி, இப்போ ஒரு கேள்வி. இந்தியாவுக்கு முதல் தனிநபர் தங்கம் யார் வாங்கிக் குடுத்தாங்க? "அபினவ் பிந்த்ரா, 2008, பெய்ஜிங்"னு எல்லாரும் சொல்லுவீங்க. ஒலிம்பிக்னு மட்டும் பார்த்தா சரிதான். பாராலிம்பிக்கையும் சேர்த்துப் பார்த்தா, அதுக்கு 36 வருஷம் முன்னாடியே ஒருத்தர் வாங்கிட்டார். முரளிகாந்த் பெட்கர், மகாராஷ்டிரக்காரர். ராணுவத்துல குத்துச்சண்டை வீரர். 1965 போர்ல குண்டடி பட்டு இடுப்புக்குக் கீழ செயலிழந்து போச்சு. 1972-ல ஜெர்மனியின் ஹைடல்பெர்க் நகர்ல நடந்த பாராலிம்பிக்ல 50 மீட்டர் ஃப்ரீஸ்டைல் நீச்சல். 37.33 விநாடி. தங்கம், அதோட உலக சாதனை!

அவருக்கு பத்மஸ்ரீ எப்போ கிடைச்சது தெரியுமா? 2018-ல. அர்ஜுனா விருது, அதுவும் 'வாழ்நாள்' பிரிவுல, 2025 ஜனவரியில. அதுக்கு முந்தின வருஷம்தான் 'சந்து சாம்பியன்'னு அவரைப் பத்தி ஒரு இந்திப் படம் வந்திருந்தது. ஜெயிச்சப்போ இளைஞர், விருது வாங்கப் போனப்போ ஊன்றுகோல் பிடிச்ச தாத்தா.

"அதெல்லாம் பழைய கதைப்பா. இப்போ மாறிடிச்சு, நம்ம மாரியப்பனைப் பாரு"ன்னு சொல்லுவீங்க. ஒத்துக்கறேன். 2016 ரியோவுல உயரம் தாண்டுதல்ல தங்கம் வாங்கின மாரியப்பனுக்கு அடுத்த வருஷமே பத்மஸ்ரீ. சந்தோஷம்தான். ஆனா அது ஜெயிச்ச பிறகு கிடைக்கிற மரியாதை. நான் கேக்கறது ஜெயிக்கறதுக்கு முன்னாடி கிடைக்க வேண்டியது.

பெட்கர் கதையில எல்லாரும் 'மனவுறுதி'யைப் பிடிச்சுக்கறாங்க. இன்னொரு விஷயத்தை விட்டுடறாங்க. அவர் நீச்சலுக்கு வந்ததே சிகிச்சைக்காக. தண்ணியில உடம்போட பாரத்தைத் தண்ணியே தாங்கிக்கும், கால் ஓயாதவன் கைவீச்சுல போயிடலாம். அவரைத் தண்ணியில இறக்கிவிட ஒரு ஏற்பாடு இருந்தது, ஆள் இருந்தாங்க. அது இல்லேன்னா அந்த மனவுறுதி கட்டில்லயே கிடந்திருக்கும்.

"ஊனமுற்றவங்களை எப்படி மத்தவங்களோட போட்டி போட வைக்கறது?"ன்னு ஒரு வாத்தியார் கேட்டார். அதுக்கு வழி எப்பவோ வந்தாச்சு சார். பாரா நீச்சல்ல உடல் குறைபாட்டுக்கு எஸ்1-லருந்து எஸ்10 வரை பிரிவு, பார்வைக்கு 11-லருந்து 13, அறிவுசார் குறைபாட்டுக்கு 14. உடம்புல எவ்வளவு இயக்கம் இருக்குன்னு பார்த்துப் பிரிக்கறாங்க. விளையாட்டு இடங்களை இவங்களும் பயன்படுத்தற மாதிரி அமைக்கணும்னு 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 30-வது பிரிவு சொல்லுது. இதெல்லாம் தர்மம் இல்ல, சட்டம்.

மூணு பக்கம் கடல் சந்திக்கிற மாவட்டம் நம்மளோடது. பேச்சிப்பாறைத் தண்ணி வாய்க்கால் வாய்க்காலா ஓடி குளத்தை நிரப்புற நாஞ்சில் நாடு. தண்ணிக்கா பஞ்சம்? எங்க ஊர்ப் படித்துறையில பாசி படிஞ்சு வழுக்குது, பிடிச்சு இறங்க ஒரு கம்பி கிடையாது. என் நண்பன் இன்னைக்கும் உக்காந்து உக்காந்துதான் படி இறங்குறான். தண்ணியைத் தொட்டதும் மீன். கரையிலதான் அவன் ஊனமுற்றவன், அதுவும் நாம கட்டின கரையால.

தன்னம்பிக்கை அவன்கிட்ட வேண்டிய மட்டும் இருக்கு. நீங்க ஒரு இரும்புக் கம்பி வைங்க. ஒரு போட்டி வைங்க. அவன் ஜெயிச்சா கைதட்டுங்க, தோத்தா "போடா, அடுத்த தடவை பாக்கலாம்"னு சொல்லுங்க.

அந்த டிபன் டப்பா இப்போ அவங்க வீட்டுல உப்புப் போட்டு வைக்கறதுக்கு உதவுதாம்.