குளத்துக்குப் பூச்சு விற்குமுன் நான்கு கேள்விகள்

நமது மேற்குப் புறநகரில் சொந்தமாக நீச்சல் குளம் வைத்திருப்பவர்கள் ஏராளமானோர் என்று சொல்ல முடியாது. பூந்தமல்லி, திருமழிசைப் பக்கத்துத் தோட்ட வீடுகளில் சில உண்டு. அம்பத்தூர், ஆவடி வட்டாரத்தில் 2000-க்குப் பிறகு எழுந்த அடுக்கு மாடிக் குடியிருப்புகள் சிலவற்றிலும் உண்டு. கட்டிய காலத்தில் பளபளத்த அந்தக் குளங்களுக்கு இப்போது வயதாகிவிட்டது. பெயிண்டு செதில் செதிலாக உரிகிறது, டைல்ஸ் பெயர்கிறது, சுவரில் முடி போல விரிசல் ஓடுகிறது. உரிமையாளர் நேராக நம் ஹார்டுவேர் கடைக்கு வந்து நிற்கிறார். "அண்ணாச்சி, குளம் பழசாயிடுச்சு. மேலே என்ன போடலாம், சொல்லுங்க" என்கிறார்.

இந்தக் கேள்விக்கு நம்மில் பலர் சொல்லும் பதில் என்ன? கடையில் எது தேங்கிக் கிடக்கிறதோ அது. அல்லது உடன் வந்திருக்கும் மேஸ்திரி எதைக் கண்ணால் காட்டுகிறாரோ அது. இந்தப் பழக்கத்தை நாம் விட்டாக வேண்டும். எந்தப் பூச்சு என்பதைக் கமிஷன் முடிவு செய்யக் கூடாது. குளத்தின் நிலையும், ஊற்றும் தண்ணீரும், வேலை நடக்கும் மாதமும் முடிவு செய்ய வேண்டும். அதற்கு நான்கு கேள்விகள் போதும்.

முதல் கேள்வி: கசிவு உண்டா?

ஓட்டைப் பானைக்கு வர்ணம் அடித்தால் தண்ணீர் நிற்குமா? கசிவை அடைக்காமல் மேலே எதைப் போட்டாலும் ஓராண்டில் பெயர்ந்து வரும். சோதனை எளிது. குளத்தின் படியில் ஒரு வாளியை வைத்து, வெளியே உள்ள நீர்மட்டத்துக்குச் சரியாக உள்ளேயும் தண்ணீர் ஊற்றி, இரண்டு மட்டத்தையும் கோடு போட்டு வைக்கச் சொல்லுங்கள். மோட்டாரை நிறுத்திவிட்டு மறுநாள் அதே நேரத்தில் பார்க்க வேண்டும். வெயிலில் ஆவியாவது இரண்டிலும் ஒரே அளவுதான். வாளியை விடக் குளத்தில் அதிகம் இறங்கியிருந்தால் கசிவு உண்டு. அது சுவரிலா, குழாயிலா என்று கண்டுபிடிக்கும் வரை பூச்சுப் பேச்சே வேண்டாம்.

குளம் வற்றிய பின் சிறு சுத்தியலால் தட்டிப் பார்க்க வேண்டும். கணீரென்று கேட்டால் பழைய பூச்சு பிடிப்போடு இருக்கிறது. பொக்கென்று கேட்டால் அந்த இடத்தைக் கொத்தி எடுத்தே தீர வேண்டும்.

இரண்டாம் கேள்வி: இப்போது மேலே இருப்பது எது?

பெயிண்டு விற்பவர்கள் இதைக் கட்டாயம் கேட்க வேண்டும். பழைய குளோரினேட்டட் ரப்பர் பெயிண்டின் மேல் எபாக்சி அடித்தால் ஒட்டி நிற்காது. பழையது எது என்று உரிமையாளருக்கே தெரியாமல் இருக்கலாம். துணியில் சைலீன் தோய்த்து ஓரிடத்தில் தேய்த்தால் ரப்பர் பெயிண்டு கரைந்து துணியில் வந்துவிடும். நன்கு இறுகிய எபாக்சி அப்படிக் கரையாது. ஐந்து நிமிட வேலை. இதைச் செய்யாமல் டின் டின்னாக விற்றுவிட்டு, உரிந்த பிறகு "கம்பெனிச் சரக்கு சரியில்லை" என்று கைகழுவுவது வியாபாரம் ஆகாது.

மூன்றாம் கேள்வி: எந்தத் தண்ணீர் ஊற்றப் போகிறார்கள்?

நம் பகுதியில் போர்வெல் நீர் பல இடங்களில் கடினமானது. பாத்திரத்தில் வெள்ளை படிவது போலவே நீர்மட்ட வரிசை டைல்ஸிலும் படியும். கருநீலக் கண்ணாடி மொசைக்கை ஆசையாக வாங்கிப் பதித்தவர், ஆறு மாதத்தில் அதன்மேல் சுண்ணாம்புக் கோடு கண்டு வருந்துவார். அவருக்கு வெளிர் நிறம் சொல்லுவது நம் கடமை. மழைநீரைச் சேர்த்து நிரப்புகிறவருக்கு நேர்மாறான தொல்லை. சுண்ணாம்புச் சத்தில்லாத மென்னீர், சிமெண்டுப் பூச்சிலிருந்தும் டைல்ஸ் இடைவெளியிலிருந்தும் சுண்ணாம்பை அரித்து எடுத்துக்கொள்ளும். பூச்சு சொரசொரப்பாகிக் காலைக் கீறும். அமில காரத்தன்மை 7.2 முதல் 7.8-க்குள் இருக்கிறதா என்று வாரந்தோறும் பார்க்காதவருக்கு எந்தப் பூச்சும் நீடிக்காது.

நான்காம் கேள்வி: எந்த மாதம்?

இதை யாரும் கேட்பதில்லை. கேட்காததால் வரும் நஷ்டமோ மிகப் பெரியது. வடகிழக்குப் பருவமழையில் நிலத்தடி நீர் ஏறி நிற்கும்போது குளத்தைக் காலி செய்தால், கீழிருந்து நீர் மேல்நோக்கித் தள்ளும். கணக்குப் போட்டுப் பாருங்கள். அடித்தளத்துக்கு மேல் 3 அடி உயரத்துக்கு நிலத்தடி நீர் நின்றால், ஒவ்வொரு சதுர மீட்டரிலும் 900 கிலோவுக்கு மேல் மேல்நோக்கி அழுத்தும். 6 அங்குலக் கான்கிரீட் தளத்தின் எடையோ சதுர மீட்டருக்கு 370 கிலோவுக்குள்தான். தளம் வெடிக்கும், சில சமயம் குளமே மேலெழும்பும். 2015 டிசம்பரில் செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி வரை நீர் திறக்கப்பட்டதையும், 2023 டிசம்பரின் மிக்ஜாம் புயலையும் பார்த்த நமக்கு, இங்கே மண் எவ்வளவு நீரைக் குடித்து நிற்கும் என்று சொல்லித்தர வேண்டியதில்லை.

கோடையின் உச்சமும் உதவாது. 25 அடிக்கு 12 அடி, ஆழம் 4 அடி உள்ள சிறு குளம் ஏறக்குறைய 34,000 லிட்டர் கொள்ளும். 12,000 லிட்டர் லாரி மூன்று வேண்டும். 2019 ஜூனில் சென்னையின் ஏரிகள் வறண்டு, குடிக்கவே லாரிக்குக் காத்திருந்தோம். அப்படி ஒரு மாதத்தில் குளத்துக்குத் தண்ணீர் கேட்பது நியாயமும் அல்ல. ஆகவே பிப்ரவரி, மார்ச்தான் தகுந்த காலம். அப்போதும் ஓரத்தில் ஒரு குழி தோண்டி நிலத்தடி நீர் எங்கே நிற்கிறது என்று பார்த்த பிறகே காலி செய்ய வேண்டும்.

எதை விற்பது?

பதில்கள் கிடைத்துவிட்டால் தேர்வு தானே அமையும். முன் சொன்ன குளத்தில் தளமும் சுவரும் சேர்த்துச் சுமார் 600 சதுர அடி.

கையில் பணம் குறைவு, அடித்தளம் நன்றாக இருக்கிறது என்பவருக்குப் பெயிண்டு போதும். ஆனால் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை திரும்ப அடிக்க வேண்டும், எபாக்சி வெயிலில் வெளிறும் என்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். சுவர் நன்கு உலர்ந்திருக்க வேண்டும். அடித்த பிறகு டின்னில் குறித்த நாட்கள் காத்திருந்துதான் நிரப்ப வேண்டும்.

வெள்ளை சிமெண்டும் சலவைக்கல் தூளும் கலந்த பூச்சு நடுத்தரச் செலவு. அரை அங்குலக் கனத்தில் 600 சதுர அடிக்கு 25 கன அடிக் கலவை ஆகும். கைதேர்ந்த கொத்தனார் வேண்டும். பூசி முடித்ததும் நீரை நிரப்பத் தொடங்கி, நடுவில் நிறுத்தாமல் நிரப்ப வேண்டும். நிறுத்திய இடத்தில் வளையம் விழும். எனவே மூன்று லாரியையும் முன்பே பேசி வைக்கச் சொல்லுங்கள்.

டைல்ஸ், கண்ணாடி மொசைக் ஆகியவை செலவு கூடியவை, ஆயுளும் கூடியவை. இங்கே சாதாரண சிமெண்டுப் பாலில் ஒட்டச் சொல்லுவது பெருந்தவறு. நீரில் மூழ்கியிருக்கும் இடத்துக்கு உரிய பசைதானா என்று மூட்டையில் பார்த்துக் கொடுங்கள். டைல்ஸ் பசைக்கு ஐ.எஸ். 15477 என்ற இந்தியத் தர அளவு இருக்கிறது. படிகளுக்கு வழுவழுப்பான டைல்ஸ் கொடுக்காதீர்கள். குழந்தைகள் இறங்கும் இடம் அது.

கமிஷனும் சட்டமும்

இனி உள்ளதை உள்ளபடி பேசுவோம். பெயிண்டு டின்னுக்குள் வரும் டோக்கனும், மேஸ்திரிக்கு நாம் தரும் விகிதமும் ஊரறிந்தவை. அவரும் பிழைக்க வேண்டும். அதை நிறுத்தச் சொல்லவில்லை. ஆனால் எந்தச் சரக்கை எடுத்தாலும் ஒரே விகிதம் என்று வைத்துவிட்டால், தவறான சரக்கைத் தள்ளுவதில் அவருக்கு ஆதாயம் இராது. தேவைக்கு மேல் விற்ற இரண்டு டின் லாபத்தை விட, சரியாக விற்ற ஒரு வேலை தேடித் தரும் பெயர் பெரிது. ஒரு குடியிருப்பில் 200 வீடு இருக்கும். அத்தனை பேரும் அந்தக் குளத்தைத் தினமும் பார்க்கிறார்கள்.

"இத்தனை கேள்வி கேட்டால் வாடிக்கையாளர் பாரிமுனைக்குப் போய்விடுவார்" என்று சில அன்பர்கள் சொல்லக்கூடும். விலைக்காகப் போகிறவரை நாம் தடுக்க முடியாது. கைப்பேசியில் ஆர்டர் போட்டால் சரக்கு வாசலுக்கே வரும் காலம் இது. குளத்தைத் தட்டிப் பார்த்துவிட்டு வாருங்கள் என்று அக்கறையோடு சொல்ல, பக்கத்துத் தெருக் கடைக்காரரால்தான் முடியும். சிறு கடைக்கு மிச்சமிருக்கும் பலம் அதுதான்.

சட்டமும் மாறியிருக்கிறது. 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்த 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், தயாரிப்பாளரை மட்டும் பொறுப்பாக்கவில்லை. தயாரிப்பாளர் தந்த எச்சரிக்கையையும் பயன்படுத்தும் முறையையும் வாங்குபவரிடம் சேர்க்காமல் விட்டு, அதனால் உடலுக்கோ வேறு உடைமைக்கோ தீங்கு நேர்ந்தால் விற்பனையாளரும் பதில் சொல்ல வேண்டி வரும். கம்பெனி சொல்லாத உத்தரவாதத்தை நாமாக வாயால் அளந்தாலும் அப்படியே. குளம் கழுவ ஆசிட் கேனை விற்கும்போது கையுறை, கண்ணாடி, காற்றோட்டம் என்ற மூன்று சொற்களைச் சொல்லாமல் விடாதீர்கள்.

நமது சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள். மேலே சொன்ன நான்கு கேள்விகளையும் ஒரே தாளில் அச்சிட்டு, ஹார்டுவேர், பெயிண்டு, டைல்ஸ் கடை உறுப்பினர்கள் அனைவருக்கும் தர வேண்டும். ஜனவரி மாதத்தில், வேலைப் பருவம் தொடங்குமுன், மேஸ்திரிகளையும் அழைத்து ஒரு மாலைக் கூட்டம் நடத்த வேண்டும். பில்லில் சரக்கின் பெயரோடு "நீச்சல் குளத்துக்கு" என்று பயன்பாட்டையும் எழுதும் வழக்கம் வர வேண்டும். தரைக்கடித் தண்ணீர்த் தொட்டிக்கும் மொட்டை மாடிக்கும் இதே முறைதான் பொருந்தும். குளம் வைத்திருப்பவர் சிலர், தொட்டியும் மாடியும் வைத்திருப்பவர் எல்லோரும். அடுத்த செயற்குழுவில் இதை எடுத்துப் பேசுமாறு நிர்வாகிகளைக் கேட்டுக்கொள்கிறேன்.