எங்கள் நாடியை யார் எண்ணுவது?

கல்லூரியில் என் வகுப்பு இரண்டாம் மாடியில். மார்பகப் புற்றுநோய்ச் சிகிச்சை முடிந்து வேலைக்குத் திரும்பியபோது பாதிப் படியிலேயே மூச்சு வாங்கியது. மருத்துவரிடம் சொன்னேன். "மனசைத் தைரியமா வச்சுக்கோங்கம்மா" என்றார். நான் மனசைப் பற்றிச் சொல்லவில்லை. மூச்சைப் பற்றிச் சொன்னேன்.

ஐந்து மாதம் கழித்து நானே கேட்டு எக்கோ எடுத்தேன். இதயம் இரத்தத்தை வெளியே தள்ளும் திறன் குறைந்திருந்தது. முனைவர் பட்டம் வாங்கிய எனக்கே வாய் திறந்து கேட்க ஐந்து மாதம் ஆயிற்றென்றால், கூலி வேலையை விட்டுவிட்டு வந்து வரிசையில் நிற்கும் பெண் என்ன செய்வாள்?

கீமோவில் சிவப்பாக ஏறும் டாக்ஸோரூபிசின், உடலில் சேரும் மொத்த அளவு கூடக்கூட இதயத் தசையைப் பலவீனமாக்கும் அபாயமும் கூடும். பாதிப்பு பல ஆண்டுகள் கழித்தும் வெளிப்படலாம். ட்ராஸ்டுசுமாப் ஏற்றும் காலத்தில் மூன்று மாதத்துக்கொருமுறை எக்கோ பார்ப்பதும் இதயத்துக்கு அஞ்சித்தான். மருத்துவத்துக்கு இதெல்லாம் தெரியும். சிகிச்சை முடிந்த பெண்ணுக்குத்தான் சொல்லப்படுவதில்லை.

வீட்டில் வேறு நாடகம். "கனம் தூக்காதே" என்பார்கள். தண்ணீர்க் குடம் மட்டும் அந்தக் கணக்கில் வராது. மாலையில் நடக்கக் கிளம்பினால், "வீட்டு வேலையே உடற்பயிற்சிதானே?" என்பார்கள். இல்லை. பயிற்சி என் உடலுக்காக, என் அளவில், படிப்படியாகக் கூட்டுவது, களைத்தால் நிறுத்தலாம். வீட்டு வேலையை அப்படி நிறுத்த எந்தப் பெண்ணை விட்டிருக்கிறார்கள்?

கை வீக்கமுள்ள பெண்கள் முறையான கண்காணிப்பில் மெல்ல மெல்ல எடைப் பயிற்சி செய்தும் வீக்கம் கூடவில்லை என்று 2009-இல் ஓர் அமெரிக்க ஆய்வு காட்டியது. வாரம் மூன்று நாள், 30 நிமிட மிதமான பயிற்சி களைப்பைக் குறைக்கும் என்று 2019-இல் பன்னாட்டு வல்லுநர் குழு சொன்னது. சும்மா படுத்திரு என்று எவரும் சொல்லவில்லை.

மருத்துவர் நடக்கலாம் என்று சொன்ன பிறகு, வேகமாக நடந்து நின்றதும் நாடியை 15 விநாடி எண்ணி நான்கால் பெருக்குங்கள். ஒரு நிமிடம் கழித்து மறுபடி எண்ணுங்கள். டிரெட்மில் சோதனையில் முதல் நிமிடத்தில் துடிப்பு 12-க்கு மேல் இறங்காவிட்டால் மருத்துவர்கள் அதைக் குறித்துக்கொள்வார்கள். நாம் வீட்டில் எண்ணுவது நோயைத் தீர்மானிக்காது. ஆனால் நோட்டில் தேதி போட்டு எழுதிய எண்ணை "மனசு" என்று தள்ளுவது கடினம்.

மருத்துவமனைகளே, எந்த மருந்து, மொத்தம் எவ்வளவு, அடுத்த எக்கோ எப்போது என்று டிஸ்சார்ஜ் சம்மரியில் தமிழில் எழுதிக் கொடுங்கள். இது கருணை அல்ல, எங்கள் உரிமை.

மாணவிகளே, சிகிச்சை முடிந்த உங்கள் அம்மாவோ அத்தையோ மூச்சு வாங்குகிறது என்றாலும், கால் வீங்குகிறது என்றாலும் தண்ணீர் கொடுத்துவிட்டு நகராதீர்கள். கடைசியாக எக்கோ எப்போது எடுத்தார்கள் என்று கேளுங்கள். பிறகு, குடத்தை நீங்களும் உங்கள் அண்ணனும் தூக்குங்கள். அவர்கள் நடந்துவிட்டு வரட்டும்.