திரை சாகவில்லை

2011-இல் தமிழக அரசு தொடங்கிய திட்டத்தில் என் அண்ணன் பெற்ற மடிக்கணினி அது. தேநீர் கொட்டியது, திரை இருண்டது. "திரையே போச்சு, புதுசு வாங்கு தம்பி" என்றார் கடைக்காரர். நான் நம்பவில்லை. டார்ச் அடித்துச் சாய்த்துப் பார்த்தேன். பனமலைத் தாளகிரீசுவரர் கோயிலின் பல்லவ ஓவியம்போல மங்கலாய் உருவம் தெரிந்தது. ஆகவே திரை சாகவில்லை. பின்விளக்குக்கு மின்சாரம் போகவில்லை, அவ்வளவே! மின்கலத்தைக் கழற்றிவிட்டுத் திறந்தேன். திரைக்குச் செல்லும் கேபிளின் முனையில் சர்க்கரைப் பிசுக்கும் பச்சைக் களிம்பும். ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் பழைய பல்துலக்கியை நனைத்துத் தேய்த்து, ஒரு நாள் உலரவிட்டேன். ஒளி வந்தது! (அரிசியில் புதைக்கச் சொன்ன அத்தைக்கு இன்னும் கோபம்.)

பழுதுபார்க்கும் உரிமைக்கென மத்திய அரசே 2022-இல் இணையதளம் திறந்தது. நம் இயற்பியல் ஆய்வகத்தில் மட்டும் திருப்புளி பூட்டிக் கிடப்பானேன்? சனிக்கிழமைதோறும் இரண்டு மணி நேரம் திறந்துவிடுங்கள் ஐயா; கெட்ட கணினிகளை நாங்கள் கொண்டுவருகிறோம்.