மகிழுந்து யாருக்காக?

(பொருளியல் மூன்றாம் ஆண்டு மாணவி)

காரை 'மகிழுந்து' என்று எழுதினால்தான் எங்கள் தமிழ்ப் பேராசிரியர் முழு மதிப்பெண் தருவார். நல்ல சொல்தான். ஆனால் அந்த மகிழ்ச்சி யாருடையது என்பதை அந்தச் சொல் கூறுவதில்லை. ஓட்டுகிறவனுடையதா? பின்னால் அமர்ந்திருப்பவளுடையதா? அவள் மடியில் உறங்கும் பச்சிளங்குழந்தையுடையதா? என் அண்ணனுக்குப் பெண் குழந்தை பிறந்து மூன்று மாதங்கள் ஆகின்றன. அன்றிலிருந்து எங்கள் வீட்டில் உணவு நேரம் எல்லாம் கார் வழக்கு நடக்கிறது. இதே வழக்கு செங்கத்தில் இன்னும் பல வீடுகளில் நடப்பதாகத் தோழிகள் கூறுவதால், வீட்டுக்குள் யாரும் முழுமையாகக் கேட்காத என் கருத்தை இங்கே எழுதத் துணிந்தேன்.

அண்ணன் ஐந்தாண்டுகள் சீட்டுக் கட்டிச் சேர்த்த பணம் இருக்கிறது. மிச்சத்துக்கு வங்கிக் கடன். அவர் கண் வைத்திருப்பது மூன்று கதவுத் 'தார்' வண்டியின்மேல். பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு கதவுகள், சாமான் ஏற்றப் பின்னால் ஒன்று. அம்மாவும் மாமாவும் கேட்பது 'குடும்ப வண்டி'. மேலை நாட்டார் 'கூபே' என்று ஒரு வகைக் காரைச் சொல்வார்கள். இரண்டு கதவு, தாழ்ந்த கூரை, முன்னால் இருவருக்குத் தாராளமான இடம், பின்னால் பேருக்கு ஓர் இருக்கை. அப்படி ஒரு கார் செங்கம் பேருந்து நிலையத்தின் பக்கம் வந்து நான் பார்த்ததில்லை. வந்தால் முதல் வேகத்தடையிலேயே வயிறு தட்டி நின்றுவிடும். நம்மூர் இளைஞர் மனத்தில் அந்த இடத்தைப் பிடித்திருப்பது தார்தான். எனக்கும் அது பிடிக்கும், அதிலும் சிவப்பு என்றால் இன்னும் பிடிக்கும் என்பதை மறைப்பதற்கில்லை.

இந்த வழக்கு நம் மாநிலத்துக்குப் புதிதன்று. 1959இல் இங்கிலாந்தில் 'டிரயம்ப் ஹெரால்டு' என்ற கார் வெளிவந்தது. மிக்கேலொட்டி என்ற இத்தாலியர் வடிவமைத்தது. முதல் ஆண்டிலேயே அது கூபேயாகவும் வந்தது, இரண்டு கதவுச் சாதாரணக் காராகவும் வந்தது. 1961 முதல் அந்தச் சாதாரணக் காரைச் சென்னைக்கு அருகே வண்டலூர்ப் பக்கம் இருந்த ஸ்டாண்டர்டு தொழிற்சாலையில் 'ஸ்டாண்டர்டு ஹெரால்டு' என்ற பெயரில் செய்து விற்றார்கள். அக்காலத்தில் சாலையில் ஓடிய அம்பாசிடருக்கும் ஃபியட்டுக்கும் நான்கு கதவுகள்; ஹெரால்டுக்கு மட்டும் இரண்டு. பார்க்க அழகிய வண்டிதான். ஆனால் நம் நாட்டுக் குடும்பம் என்பது பின்னிருக்கையில் பாட்டி, அத்தை, இரண்டு பிள்ளைகள், ஒரு பலாப்பழம் ஆகியவை சேர்ந்தது. ஒவ்வொரு முறையும் முன்னிருக்கையைக் கவிழ்த்துப் பாட்டியை ஏற்றி இறக்குவது நடக்கிற காரியமா? அறுபதுகளின் பிற்பகுதியில் அதே தொழிற்சாலை ஹெரால்டுக்கு நான்கு கதவுகள் வைத்தது. ஹெரால்டு பிறந்த இங்கிலாந்தில் அப்படி ஒரு நான்கு கதவு வண்டி விற்கப்படவே இல்லை. இந்தியப் பாட்டிமார்களுக்காகவே செய்யப்பட்டது எனலாம்.

அண்மைக் காலத்திலும் இதே கதைதான். மூன்று கதவுத் தார் 2020 அக்டோபர் 2ஆம் நாள் விற்பனைக்கு வந்தது; 2024 ஆகஸ்ட் 15ஆம் நாள் ஐந்து கதவுகளுடன் 'தார் ராக்ஸ்' வந்தது. மாருதி நிறுவனமோ ஜிம்னியின் மூன்று கதவு வண்டியை இந்தியாவிலேயே செய்து வெளிநாடுகளுக்கு ஏற்றுமதி செய்தது. உள்நாட்டுக்கென 2023இல் ஐந்து கதவு வண்டியைத்தான் கொடுத்தது. தொழிற்சாலைக்காரர்களுக்கு விளங்கிய ஒன்று எங்கள் வீட்டுச் சாப்பாட்டுப் பலகைக்கு இன்னும் வந்து சேரவில்லை.

சென்ற மாதம் ஓர் உறவினர் தம்முடைய மூன்று கதவு வண்டியில் வந்திருந்தார். அண்ணியும் நானும் அரிசி மூட்டையைக் கொண்டு ஒரு சோதனை செய்தோம். ஐந்து கிலோ அரிசியைத் துணியில் சுற்றினால் எங்கள் பாப்பாவின் கனம் சரியாக வரும். அண்ணிக்கு அறுவை சிகிச்சைப் பேறு; குனிந்து நிமிர்வது இன்னும் சிரமம். முதலில் முன்கதவைத் திறக்க வேண்டும். முன்னிருக்கையை மடக்கித் தள்ள வேண்டும். முழங்கால் உயரப் படியில் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஏற வேண்டும். இத்தனைக்கும் ஒரு கையில் அரிசி இருக்கிறது. ஏறிய பின் அதே கையால் அதைப் பக்கத்தில் கிடத்திப் பட்டை மாட்ட வேண்டும். அண்ணி இரண்டு முறை முயன்று, மூன்றாம் முறை அரிசியை என்னிடம் கொடுத்துவிட்டுத் திண்ணையில் உட்கார்ந்துவிட்டார். வண்டியின் சொந்தக்காரர் உள்ளே மோர் குடித்துக்கொண்டிருந்தார். அவருக்கு இதெல்லாம் தெரியாது.

அண்ணியின் தாய்வீடு மலைமேல், ஜமுனாமரத்தூர்ப் பக்கம். நம் செங்கத்து நன்னனைப் பாடிய மலைபடுகடாமில், அவனைக் காணச் செல்லும் கூத்தர்களுக்கு மலைவழியின் இடர்கள் ஒவ்வொன்றாக எடுத்துரைக்கப்படுகின்றன. இன்று தார்ச்சாலை வந்துவிட்டது. ஆனால் கொண்டை ஊசி வளைவுகளில் குழந்தை பால் கக்குவதை எந்தச் சாலையும் நிறுத்தவில்லை. அந்த நேரம் பின்னிருக்கைக் கதவு உடனே திறக்க வேண்டும். இரண்டு கதவு வண்டிகள் பலவற்றில் பின்பக்கக் கண்ணாடி கீழே இறங்குவதுகூட இல்லை.

"எதற்கு இத்தனை சிரமம்? மடியில் வைத்துக்கொண்டு முன்னால் உட்கார்ந்தால் போயிற்று" என்றார் மாமா. நம்மூரில் நூற்றுக்குத் தொண்ணூறு பேர் சொல்லும் விடை இதுதான் என்பதால் இதைச் சற்று விரித்துச் சொல்ல விரும்புகிறேன். இயற்பியல் துறைத் தோழி ஒருத்தி எனக்குக் கணக்குப் போட்டுக் காட்டினாள். மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி எதன்மீதோ மோதி வினாடியில் பத்தில் ஒரு பங்கு நேரத்தில் நின்றால், ஐந்து கிலோக் குழந்தை ஏறத்தாழ எழுபது கிலோ மூட்டையைப் போல முன்னால் இழுக்கும். எந்தத் தாயின் கை அதைத் தாங்கும்? முன்னிருக்கையில் காற்றுப்பை வேறு விரிந்து அடிக்கும். ஆகையால்தான் பின்னிருக்கையில், குழந்தையின் முகம் வண்டியின் பின்பக்கம் பார்க்கும்படியாகப் பொருத்தும் தனி இருக்கை வேண்டும் என்கிறார்கள். அத்தகைய இருக்கைகள் காரில் செல்லும் ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைகளின் விபத்துச் சாவை 71 விழுக்காடு குறைப்பதாக அமெரிக்கச் சாலைப் பாதுகாப்புத் துறை கணித்திருக்கிறது. நம் நாட்டிலும் 2019ஆம் ஆண்டின் மோட்டார் வாகனத் திருத்தச் சட்டப்படி, பதினான்கு வயதுக்குட்பட்ட குழந்தையைப் பட்டையோ தனி இருக்கையோ இல்லாமல் காரில் கொண்டு சென்றால் 1,000 ரூபாய் அபராதம். செங்கத்தில் நான் கேட்ட கடைகளில் அந்த இருக்கை இல்லை. திருவண்ணாமலையில் ஒரு கடைக்காரர் வரவழைத்துத் தருகிறேன் என்றார். விலையைக் கேட்ட அம்மா, "அந்தக் காசுக்குத் தொட்டிலோட கட்டிலும் வாங்கலாமே" என்றார்.

இதுவரை படித்தவர்கள் என்னை அம்மா கட்சி என்று நினைத்திருப்பீர்கள். அதுவும் இல்லை. குடும்ப வண்டி என்று மாமா காட்டிய படங்களில் முதலாவது வேகன் ஆர். உயர்ந்த கூரை, நான்கு கதவு, நல்ல மைலேஜ். ஏறி இறங்குவதற்கு அதைவிட வசதியானது கிடைப்பது அரிது. ஆனால் குளோபல் என்கேப் என்ற அமைப்பு 2023இல் வெளியிட்ட மோதல் சோதனை முடிவில், அந்த வண்டிக்குப் பெரியவர் பாதுகாப்பில் ஒரு நட்சத்திரமும் குழந்தைப் பாதுகாப்பில் சுழியும்தான் கிடைத்தன. எங்கள் வீட்டில் 'பொறுப்பில்லாத வண்டி' என்று பெயர் வாங்கிய மூன்று கதவுத் தாரோ 2020இல் அதே அமைப்பிடம் இரண்டிலும் நான்கு நட்சத்திரங்கள் பெற்றது. இடையில் 2022இல் சோதனை விதிகள் கடுமையாயின; ஆகவே இரண்டையும் தராசின் இரு தட்டில் வைத்து நிறுப்பது சரியாகாது. ஆனாலும் கதவை எண்ணிப் பார்த்து ஒரு வண்டியைக் குழந்தைக்கு ஏற்றது என்று முடிவு கட்டும் மாமாவின் முறை செல்லாது என்பதற்கு இது போதும். விலை அதிகமான வண்டியில்தான் பாதுகாப்பு என்று சோர்ந்துவிடவும் வேண்டாம். நடுத்தரக் குடும்பத்தார் வாங்கும் புதிய டிசையர் 2024இல் பெரியவருக்கு ஐந்தும் குழந்தைக்கு நான்கும் பெற்றது. 2023 அக்டோபர் முதல் நம் அரசே 'பாரத் என்கேப்' என்று இத்தகைய சோதனையைத் தொடங்கியிருக்கிறது. நட்சத்திரங்களைக் கைப்பேசியிலேயே பார்த்துக்கொள்ளலாம். ஜாதகம் பார்க்கச் செலவிடும் நேரத்தில் கால்பங்கு போதும்.

"காருக்கு எங்கே போவது? எங்கள் வீட்டில் வழக்கு டியூக்கா, ஸ்கூட்டரா என்பதுதான்" என்றாள் வகுப்புத் தோழி ஒருத்தி. உண்மை. இந்தக் கல்லூரியில் படிக்கும் நம்மில் பலர் வீட்டில் கார் என்பது கல்யாணத்துக்கு வாடகைக்கு வருவது. அவர்களுக்கு ஒரு செய்தி மட்டும் சொல்கிறேன். 2022 பிப்ரவரியில் வெளியான மத்திய அரசு விதிப்படி, இருசக்கர வாகனத்தில் நான்கு வயதுக்குட்பட்ட குழந்தையை ஏற்றினால் ஓட்டுநரோடு இணைக்கும் பாதுகாப்புக் கச்சை வேண்டும். ஒன்பது மாதம் முதல் தலைக்கவசம் வேண்டும். வேகம் 40 கிலோமீட்டரைத் தாண்டக் கூடாது. விதி 2023 பிப்ரவரியில் நடைமுறைக்கும் வந்துவிட்டது. போளூர்ச் சாலையில் பெட்ரோல் டாங்கின்மேல் உட்கார்ந்து கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு போகும் குழந்தைகளை நாள்தோறும் பார்க்கிறோம். நாற்பதுக்கு மேல் போகக் கூடாதென்றால் டியூக் எதற்கு என்று தோழியின் அண்ணன் கேட்டாராம். அவர் கேள்வியிலேயே விடை இருப்பதாக நான் நினைக்கிறேன்.

எங்கள் வீட்டு வழக்கில் யாருமே கேட்காத கேள்வி ஒன்று உண்டு. வண்டியை யார் ஓட்டுவது? ஆறாவது வாரத் தடுப்பூசிக்கும் பத்தாவது வாரத் தடுப்பூசிக்கும் அண்ணன் வேலைக்குப் போயிருந்தார். அண்ணியும் நானும் ஆட்டோவில்தான் போனோம். பதினான்காவது வாரத்துக்கும், பிறகு ஒன்பதாம் மாதத்துக்கும் அப்படித்தான் நடக்கும். கார் வந்தாலும் அது அண்ணனோடு வேலைக்குப் போகும், அல்லது வாசலில் உறை போட்டு நிற்கும். அண்ணியிடம் ஓட்டுநர் உரிமம் இருக்கிறது. திருமணத்துக்கு முன்பே பயிற்சிப் பள்ளியில் கற்று வாங்கியது. எங்கள் வீட்டில் நானறிய இதுவரை ஒருவரும் அவரிடம் "உனக்கு எந்த வண்டி ஓட்ட வரும்?" என்று கேட்டதில்லை. பெற்றோர் ஆனவர்களுக்கு ஏற்ற கார் எது என்று என்னைக் கேட்டால், தாய் ஒருத்தி தனியாகக் குழந்தையைப் பின்னிருக்கையில் பொருத்திவிட்டு, யார் தயவும் இல்லாமல் மருத்துவமனை வரை ஓட்டிச் சென்று, அங்கே உள்ள நெருக்கடியில் நிறுத்தித் திரும்பிவர முடிகிற கார் என்பேன். அது சிவப்பாக இருக்கட்டும், வேகமாகவும் இருக்கட்டும். இந்தத் தேர்வில் தேறினால் தாருக்கும் என் வாக்கு உண்டு. மூன்று கதவு வண்டி அரிசி மூட்டையிலேயே தோற்றுவிட்டது. மாமாவின் முதல் படம் நட்சத்திரத்தில் தோற்றது.

அண்ணனுக்கு வயது இருபத்தெட்டு. குழந்தை பிறந்துவிட்டது, இனி ஆசைப்படாதே என்று அவருக்கு உபதேசம் செய்பவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. கல்லூரி நாளில் வாங்கிய மோட்டார் சைக்கிளை விற்கச் சொல்லி மாமா வற்புறுத்துகிறார். விற்கக் கூடாது என்பது என் கட்சி. ஞாயிறு காலையில் குப்பநத்தம் அணை வரை தனியாக ஒரு சுற்று போய்வரட்டும். வந்து பாப்பாவைக் குளிப்பாட்டத் தண்ணீர் எடுத்துவைத்தால் யாரும் குறை சொல்லப் போவதில்லை.

இதையெல்லாம் எழுதி அண்ணியிடம் படித்துக் காட்டினேன். எழுந்து பீரோவைத் திறந்து, கல்யாணப் பத்திரிகைகளுக்கு அடியிலிருந்து தம் உரிமத்தை எடுத்து, எந்த ஆண்டு வரை செல்லும் என்று பார்த்தார். வரும் ஞாயிறு திருவண்ணாமலையில் இரண்டு கடைகளில் வண்டி ஓட்டிப் பார்ப்பதாக ஏற்பாடு. அண்ணன் பின்னிருக்கையில் பாப்பாவோடு உட்காருவார்.