அறுபதில் வரும் சந்தேகம்

45 வயதுக்குப் பிறகு ஒருவருக்கு முதன்முறையாக மனச்சிதைவு நோய் வராது என்று ஒரு விதி இருந்தது. 1980இல் அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் வெளியிட்ட டிஎஸ்எம்-3 கையேட்டில், அந்த வயதுக்குள் நோய் தொடங்கியிருக்க வேண்டும் என்று எழுதிவைத்தார்கள். அறிகுறிகள் அத்தனையும் பொருந்தினாலும், தொடங்கிய வயது 46 என்றால் நோய்க்கு வேறு பெயர்தான். இத்தனைக்கும், 40 வயதுக்குப் பிறகு தொடங்கும் மனச்சிதைவு பற்றி சுவிட்சர்லாந்தின் மான்ஃப்ரெட் ப்ளாய்லர் 1943இலேயே விரிவாக எழுதியிருந்தார். 1987இல் விதியைத் தளர்த்தினார்கள். அடுத்த ஆண்டு வெளியான ஆய்வுத் தொகுப்பு ஒன்று, மனச்சிதைவு உள்ளவர்களில் ஏறக்குறைய நான்கில் ஒருவருக்கு நோய் தொடங்கியதே 40 வயதுக்குப் பிறகுதான் என்று கணக்குச் சொன்னது.

விதி போனாலும் பழக்கம் போகவில்லை. “மேல் வீட்டுக்காரன் ராத்திரியில சுவர் வழியா விஷப்புகை விடுறான்” என்று 65 வயது அம்மா சொன்னால், “வயசானா அப்படித்தான்” என்கிறது வீடு. செய்வினை என்று பூசாரியிடம் போகிறவர்களும் உண்டு. மருத்துவமனைக்கே போனாலும், வயதைப் பார்த்த மாத்திரத்தில் டிமென்ஷியா (மறதி நோய்) என்று சொல்லிவிடும் ஆபத்து இருக்கிறது. அந்த அவசரத்தைத்தான் கேள்வி கேட்க வேண்டும்.

அந்த அம்மாவிடம் கொஞ்சம் உட்கார்ந்து பேசிப் பாருங்கள். புகை எந்த வாரம் ஆரம்பித்தது, எத்தனை மணிக்கு வந்தது, அன்றைக்கு வாசலில் யார் நின்றார்கள் என்று தேதிவாரியாகச் சொல்வார். மூன்று சொற்களைச் சொல்லி, ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டால் பெரும்பாலும் திருப்பிச் சொல்லிவிடுவார். அல்சைமர் நோயாளியின் சந்தேகம் வேறு மாதிரி. பர்ஸை வைத்த இடம் மறந்துபோகும். மருமகள் எடுத்துவிட்டாள் என்பார். மறுநாள் அந்தக் குற்றச்சாட்டும் மறந்துபோகலாம். அங்கே மறதியிலிருந்து சந்தேகம் பிறக்கிறது. இங்கே சந்தேகத்தைக் கட்டிக் காப்பதே நல்ல ஞாபகம்தான்.

இந்த வேறுபாட்டை அளந்து பார்த்தவர்களில் முக்கியமானவர் அமெரிக்காவின் சான் டியேகோவில் பணியாற்றிய திலீப் ஜெஸ்தே. அவரது குழுவின் சோதனைகளில், நடுவயதில் நோய் தொடங்கியவர்களுக்கும் குறைபாடு இருந்தது. அதே வயதுள்ள மற்றவர்களைவிட யோசிக்கும் வேகமும் திட்டமிடும் திறனும் அவர்களுக்குக் குறைவு. ஆனால், இளவயதில் நோய் கண்டவர்களைவிடப் பாதிப்பு லேசானது. அதைவிட முக்கியமானது, மீண்டும் சோதித்தபோது அல்சைமர் நோயாளிகளைப் போல அவர்கள் சரியவில்லை. பெரும்பாலும் அதே நிலையில் இருந்தார்கள்.

மூளையின் படங்கள் இவ்வளவு தெளிவாகப் பேசுவதில்லை. எம்ஆர்ஐயில், மூளை நடுவே திரவம் நிறைந்த அறைகள் சற்று விரிந்திருப்பது தெரிகிறது. அது இளவயது நோயிலும் உள்ளதுதான். நரம்பிழைகளில் ரத்தக் குழாய்ச் சேதம் அதிகம் என்று ஆரம்ப ஆய்வுகள் சில சொல்லின. பக்கவாதம் போன்ற வேறு நோய் உள்ளவர்களைக் கவனமாக விலக்கியபோது அந்த வித்தியாசம் மங்கியது. எனவே, ஸ்கேன் படத்தை மட்டும் காட்டி இதுதான் நோய் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். வேறு நோய் இல்லை என்று உறுதிசெய்யத்தான் ஸ்கேன்.

60 வயதுக்குப் பிறகு தொடங்குவதை இதே தட்டில் வைக்க முடியாது. 2000இல் வெளியான சர்வதேச நிபுணர் குழுவின் அறிக்கை அதைத் தனி வகையாகவே பிரித்தது. அந்த வயதில் நோய் தொடங்கியவர்களில் ஒரு பகுதியினருக்குச் சில ஆண்டுகளில் டிமென்ஷியா வெளிப்படுகிறது. ஆகவே ஞாபகச் சோதனையை ஒருமுறை செய்து கோப்பை மூடிவிடக் கூடாது. ஆண்டுதோறும் செய்ய வேண்டும்.

தாமதமாகத் தொடங்கும் இந்நோய் ஆண்களைவிடப் பெண்களுக்கே அதிகம். ஜெர்மனியின் மான்ஹைம் நகரில் ஹைன்ஸ் ஹெஃப்னர் நடத்திய ஆய்வில், மாதவிடாய் நிற்கும் வயதையொட்டிப் பெண்களிடம் நோய்த் தொடக்கம் இரண்டாவது முறை உச்சம் தொட்டது. ஈஸ்ட்ரோஜன் குறைவதோடு அவர் இதை இணைத்தார். அப்படியென்றால், 45 என்ற அந்தப் பழைய கோடு யாரை வெளியே தள்ளியது என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. காது மந்தமும் தனிமையும் தாமதமாக நோய் தொடங்கியவர்களிடம் திரும்பத் திரும்பப் பதிவாகியிருக்கின்றன. பாதி காதில் விழும் பேச்சின் மீதியைச் சந்தேகம் நிரப்புகிறது என்பது ஒரு விளக்கம். முழு விளக்கம் அல்ல.

மருந்து கேட்குமா? கேட்கும், குறைந்த அளவிலேயே. பிரிட்டனில் 60 வயது கடந்தவர்களிடம் நடந்து 2018இல் வெளியான அட்லஸ் ஆய்வில், நாளொன்றுக்கு 100 மில்லிகிராம் அமிசல்பிரைடு நல்ல பலன் தந்தது. இளைஞர்களுக்குப் பல மடங்கு கொடுப்பார்கள். ஆனால், லூயி பாடி வகை டிமென்ஷியாவை மனச்சிதைவு என்று நினைத்து ஹாலோபெரிடால் போன்ற மருந்தைக் கொடுத்தால் உடல் விறைத்து உயிருக்கே ஆபத்தாகலாம். நோயைப் பிரித்தறிவதில் இவ்வளவு இருக்கிறது.

வீட்டில் பெரியவர் ஒருவர் திடீரென்று எல்லோரையும் சந்தேகிக்கத் தொடங்கினால் வாதாடாதீர்கள், பூட்டிவைக்காதீர்கள். தைராய்டு, பி12, சோடியம் அளவுகளைப் பாருங்கள், காதைச் சோதியுங்கள், சாப்பிடும் மாத்திரைகளின் பட்டியலோடு மனநல மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். எங்கே போவது என்று தெரியாவிட்டால், மத்திய அரசின் டெலி-மானஸ் மனநல உதவி எண் 14416. கட்டணம் இல்லை, தமிழிலேயே பேசலாம்.